பதினொரு மாத நியாயம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒருவர் வக்கீல், நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்மணி. மூன்றாமவர் ரசீதுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரவே கூச்சப்பட்ட ஓர் இளைஞர். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைகளுக்குக் கோர்ட்டில் வழக்கு நடத்தித் தருகிற ஒரு சிறு சங்கத்தை எங்கள் ஊரில் பதினெட்டு வருஷமாக நடத்தி வருகிறவர்கள் இவர்கள். இத்தனை காலமும் வாடகை வீட்டிலேயே சங்கம் நடந்துவிட்டது. இப்போது கோர்ட்டுக்குப் பின்புறத் தெருவில் நாலு சென்ட் மனை விலைக்கு வருகிறதாம். அதை வாங்கிச் சிறியதாக ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்காக வெளியிடும் வேண்டுகோளில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். என்னால் முடிந்ததையும் கொடுத்தேன்.

வேண்டுகோள் அச்சாகி வெளிவந்த மூன்றாம் நாள் என் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். நல்லவர், நாலும் படித்தவர். என் கதைகளை நான் எழுதுகிறபோது கொள்கிற கவனத்தைவிட அதிகக் கவனத்தோடு வாசிக்கிறவர்.

"என்ன சார், நீங்களுமா?" என்று ஆரம்பித்தார். "தொண்டு செய்கிறவனுக்குச் சொந்தக் கட்டடம் எதற்கு சார்? காந்தி குடிசையிலே உட்கார்ந்துகொண்டு தேசத்தையே நடத்தினார். அந்தப் பணத்திலே எத்தனை ஏழைக்குக் கேஸ் நடத்தலாம்! இன்றைக்குக் கட்டுவார்கள், நாளைக்குப் பாருங்கள், மாடியைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். அது போகட்டும், சர்க்காரே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறதே, இவர்கள் தனியாக எதற்கு?"

அன்று அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் மட்டும் என்றால் விஷயம் காபியோடு முடிந்திருக்கும். ஆனால் மாதச் சம்பளமும் மாதப் பத்திரிகையும் வாங்கிக்கொண்டு, தர்மத்தைப் பற்றிச் சௌகரியமாகப் பேசுகிற நம் எல்லோருடைய அபிப்பிராயமும் அதுதான். ஆகவே பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் ஊர்களில் வாடகை ஒப்பந்தம் என்றால் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். ஏன் பதினொன்று, ஏன் பன்னிரண்டு இல்லை என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையானால் ரிஜிஸ்தர் செய்தாக வேண்டும். அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்க நம் முன்னோர் கண்டுபிடித்த உபாயம்தான் பதினொரு மாதம். எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிவிட்டது. அது 2019-இல் அமலுக்கும் வந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் சட்டத்தைவிடக் கெட்டியான சமாசாரம். இன்றைக்கும் பதினொரு மாதம்தான்.

இனி மறுபக்கம். ஓர் ஏழைப் பெண்மணி தன் புருஷன் வீட்டுச் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதனிலைத் தீர்ப்பு என்று ஒன்று, அதற்குப் பிறகு இறுதித் தீர்ப்பு என்று ஒன்று, தீர்ப்பு வந்தபின் நிலத்தைக் கையில் வாங்க நிறைவேற்று மனு என்று ஒன்று. நடுவில் எதிராளி சும்மா இருப்பானா? மேல் கோர்ட்டில் அப்பீல். அங்கே தோற்றால் ஹைக்கோர்ட்டில் இரண்டாவது அப்பீல். பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்பதெல்லாம் நம் நாட்டில் ஆச்சரியமான வயதே அல்ல. வழக்குப் போட்டபோது தொட்டிலில் கிடந்த பேத்தி, தீர்ப்பு நகல் வாங்கப் பாட்டிக்குத் துணையாக வருவாள்.

வழக்கின் ஆயுள் பதினைந்து வருஷம். வழக்கை நடத்துகிற சங்கத்தின் விலாசத்துக்கு ஆயுள் பதினொரு மாதம். என் வாதம் முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது.

நானாகக் கற்பித்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, அந்தச் சங்கம் முன்பு குடியிருந்த வீட்டு வாசற்படியில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்த வீட்டில் அப்போது தையற்கடை வந்திருந்தது. கிழவியின் சுருக்குப்பையில் எட்டாக மடித்த ஒரு காகிதம். அதில் சங்கத்தின் பழைய விலாசம். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். அன்று அவளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற நாள். சங்கத்துக்கு வந்தால் வக்கீலம்மா கையோடு அழைத்துப் போவார் என்பது ஏற்பாடு. சங்கம் வேறு தெருவுக்குப் போய் மூன்று மாதமாகியிருந்தது. தையற்காரருக்கு எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

கைப்பேசி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பேரனிடம் இருக்கிறது. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாற்றிய விலாசத்தைச் சங்கத்தார் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பாட்டிக்குச் சொல்ல மறந்துவிட்டான். பெரிய குற்றம் யார்மேலும் இல்லை. இப்படித்தான் நடக்கும்.

எனக்குப் புது இடம் தெரியும். அழைத்துக்கொண்டு போனேன். நடக்கிற வழியில் அவள் என்னைக் கேட்டாள்:

"கோயிலு இருந்த எடத்துலயே இருக்குது. டேசனு இருந்த எடத்துலயே இருக்குது. வட்டிக்குக் குடுக்கறவரு கடையும் அதே எடத்துலதான் இருக்குது. நம்ம வக்கீலம்மா வீடு மட்டும் ஏந் தம்பி நடந்துக்கிட்டே இருக்குது?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே அவர் வராந்தாவுக்கும் பஸ் நிறுத்தத்துக்குமாக இவளைத் தேடி ஓடிக்கொண்டிருந்தாராம். கிழவி கோர்ட்டுப் படி ஏறியபோது பெயரைக் கூப்பிட்டு முடிந்துவிட்டது. வாதி ஆஜராகவில்லை, வாதி தரப்புச் சாட்சியம் முடிக்கப்பட்டது. அவ்வளவுதான். அதை மறுபடியும் திறக்க ஒரு மனு, எதிர்த் தரப்புக்குச் செலவுத் தொகை, மூன்று மாத வாய்தா. கிழவிக்கு அந்த மூன்று மாதம் என்ன என்று கணக்குப் போட அவளுடைய வயது தெரிய வேண்டும். அது அவளுக்கே தெரியாது.

நண்பரே, அந்தப் பணத்தில் எத்தனை கேஸ் நடத்தலாம் என்று கேட்டீர்களே; விலாசம் மாறியதால் எத்தனை கேஸ் கெடுகிறது என்று யாராவது எண்ணினோமா? வாடகைப் பணமும் பணம்தானே? பதினெட்டு வருஷமாக மாதா மாதம் அவர்கள் கொடுத்த வாடகை ஏழையின் வழக்குக்குப் போன பணம் அல்ல. வீட்டுக்காரரின் பாங்கிக் கணக்குக்குப் போன பணம். அதற்கு நன்கொடை கொடுத்தபோது நம்மில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மனை என்றதும்தான் நமக்கு ஏழையின் நினைவு வந்துவிட்டது.

வாடகை வீட்டில் இன்னொரு தொல்லை இருக்கிறது. சங்கத்தார் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஏழைக்காக வழக்காடுவது என்றால் யாரோ ஒரு பலசாலிக்கு எதிராக வழக்காடுவது என்று அர்த்தம். பலசாலிகள் ஒரே ஊரில் ஒருவருக்கொருவர் சம்பந்தியாகவோ, சிநேகிதராகவோ, கடன்பட்டவராகவோ இருப்பார்கள். அவர்களில் ஒருவர் நம் வீட்டுக்காரருக்கும் வேண்டியவராக இருந்துவிட்டால் தீர்ந்தது. ஒருமுறை அப்படியே நடந்தது. பெரிய மனிதர் ஒருவர்மேல் வழக்குத் தாக்கலான மறுமாதமே வீட்டுக்காரர் வந்து, "எங்க பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. எடம் வேணும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று கும்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் குடிக்கூலிக்காரனை வெளியேற்றினால் அவனுக்காக வழக்காடுகிற சங்கம், தன்னை வெளியேற்றியபோது வாய் பேசாமல் கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போயிற்று. வண்டி போகும்போது மழை வேறு பிடித்துக்கொண்டது. நனைந்த காகிதங்களில் யாருடைய பத்திரம் இருந்தது, யாருடைய உயில் இருந்தது என்று மை அழிந்தபிறகு யார் சொல்வது?

இனி, காந்தியின் குடிசை. எதற்கெடுத்தாலும் நாம் காந்தியைச் சாட்சிக்கு இழுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த வழக்கில் அவர் என் கட்சிச் சாட்சி. 1936-இல் அவர் வார்தாவுக்குப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்க் குடியேறினார். அதுதான் சேவாகிராமம் ஆயிற்று. மண் சுவர் வைத்த வீடுதான், வாஸ்தவம். ஆனால் அந்த வீட்டைப் பதினொரு மாதத்துக்கு ஒரு தரம் காலி பண்ணச் சொல்ல யாருமில்லை. காந்தி எங்கே இருக்கிறார் என்பது தேசத்துக்கே தெரியும். குடிசை என்பது எளிமை. வாடகை வீடு எளிமை அல்ல, அது நிலையின்மை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வாடகை கொடுத்தே பழகாதவர்கள் செய்கிற தவறு.

கட்டடம் வந்தால் சங்கம் கெட்டுப்போகும் என்கிற பயத்தில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. மறைக்காமல் சொல்ல, அமெரிக்காவிலுள்ள ஒரு சங்கத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். அதில் என் கட்சிக்கும் சாட்சியம் உண்டு, நண்பரின் கட்சிக்கும் உண்டு.

அலபாமா மாகாணத்தில் மான்ட்கோமரி என்கிற ஊர். 1955-இல் கறுப்பின மக்கள் பஸ்களைப் பகிஷ்கரித்துப் போராடிய அதே ஊர்தான். அங்கே 1971-இல் மாரிஸ் டீஸ், ஜோசப் லெவின் என்கிற இரண்டு வக்கீல்கள் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற சட்ட மையத்தை ஆரம்பித்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு கறுப்பர்களைக் கொன்றுவந்த கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 1983 ஜூலையில் ஓர் இரவு க்ளான் ஆட்கள் அவர்களுடைய ஆபீசுக்குத் தீ வைத்தார்கள். இடம் நாசமாயிற்று. சட்டப் புத்தகத்தைக் கண்டு பயப்படாதவர்களும் ஏழைக்கு ஒரு நிலையான விலாசம் இருப்பதைக் கண்டு பயப்படுவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

மேலும் கேளுங்கள். 1981-இல் அதே மாகாணத்தில் மொபைல் என்ற ஊரில், மைக்கேல் டொனால்டு என்கிற பத்தொன்பது வயதுப் பையனை க்ளான் ஆட்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். அவன் தாய் பியூலா மே டொனால்டுக்காக இந்தச் சங்கத்து வக்கீல்கள் க்ளான் அமைப்பின்மீதே நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்கள். 1987-இல் முழுக்க வெள்ளையர்களே கொண்ட ஜூரி எழுபது லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்புக் கூறிற்று. அவ்வளவு பணம் அந்த அமைப்பிடம் ஏது? அதனிடம் இருந்தது ஒரு தலைமை அலுவலகக் கட்டடம். அதைத் தாயின் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதை விற்று, தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வீடு வாங்கினாள். மறுவருஷமே அவள் காலமானாள். ஆனால் கண்ணை மூடும்போது அவள் யாருக்கும் வாடகை பாக்கி வைத்திருக்கவில்லை. ஒரு கட்டடம் யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது நண்பரின் கட்சி. அந்தச் சங்கம் பிறகு சொந்தக் கட்டடம் கட்டிக்கொண்டது. அது போதாமல் இன்னும் பெரியதாக ஒன்றும் கட்டிற்று. நன்கொடை வெள்ளமாக வந்தது. சேமநிதி 40 கோடி டாலரைத் தாண்டிற்று. அங்கே வேலை பார்த்தவர்களே அந்தக் கட்டடத்துக்கு 'ஏழ்மை அரண்மனை' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். 2019-இல் ஊழியர்கள் நிர்வாகத்தின் பாரபட்சம் பற்றிப் புகார் கிளப்பிய சமயத்தில், ஸ்தாபகர் டீஸையே சங்கம் வேலையிலிருந்து நீக்கிற்று. நெருப்புக்குத் தப்பிய சங்கத்துக்குப் பணத்திடமிருந்து தப்புவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? வீடு வேண்டும், அரண்மனை வேண்டாம் என்று தெரிகிறது. அரண்மனை வந்துவிடுமோ என்று பயந்து வீடே வேண்டாம் என்பது, அஜீரணத்துக்குப் பயந்து பட்டினி கிடக்கச் சொல்வது. அதையும் நாம் சாப்பிட்டுவிட்டு வந்து அடுத்தவனுக்குச் சொல்கிறோம்.

கடைசியாக, சர்க்கார் இருக்கிறதே என்ற கேள்வி. இருக்கிறது, நான் அதைக் குறை சொல்லவில்லை. 1976-இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற ஷரத்தைச் சேர்த்து, பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று எழுதினார்கள். 1987-இல் சட்டப் பணிகள் ஆணையங்களுக்கான சட்டம் பிறந்தது; 1995-இல் அமலுக்கு வந்தது. தாலுகா முதல் சுப்ரீம் கோர்ட்டு வரை குழுக்கள் இருக்கின்றன. பெண் என்றால் வருமானத்தைக்கூடக் கேட்காமல் உதவ வேண்டும் என்பது விதி. எத்தனையோ பேருக்கு அதனால் நன்மை விளைந்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே, 1979-இல், பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக் கணக்கில் கிடந்த கைதிகளைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. செய்த குற்றத்துக்கு எவ்வளவு தண்டனையோ அதைவிட அதிக காலம் உள்ளே இருந்துவிட்டவர்களும் அவர்களில் உண்டு. அதைப் படித்துவிட்டு கபிலா ஹிங்கோராணி என்ற பெண் வக்கீல் தாமாகவே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஹுசைனாரா கத்தூன் வழக்கு என்று பேர் பெற்றது அதுதான். ஏழைக்கு இலவச வக்கீல் உதவி என்பது உயிர் வாழும் உரிமையிலேயே அடங்கியது என்று கோர்ட்டு சொன்னது அந்த வழக்கில்தான். தனி மனுஷி முதலில் கதவைத் தட்டினாள். சட்டம் பின்னால் வந்தது.

இன்னொன்று. அந்த வழக்கில் எதிர்க்கட்சி யார்? சர்க்கார்தான். ஏழை மனிதனுக்குப் பாதி வழக்கு பக்கத்து வீட்டுக்காரனோடு என்றால், மீதிப் பாதி போலீசோடும் தாலுகா கச்சேரியோடும்தான். சர்க்கார்மேல் வழக்காடச் சர்க்கார் கொடுக்கிற வக்கீலையே கூப்பிட அவன் தயங்குகிறான். அந்த வக்கீல் நேர்மையானவராகவே இருக்கலாம்; இவன் பயம் பயம்தானே? அந்தப் பயத்தோடு வருகிறவன் தட்டுவதற்கு இன்னொரு கதவும் ஊரில் வேண்டும். தட்டப் போகிற நாளில் அது இருந்த இடத்திலேயே இருக்கவும் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஏழை வக்கீலை வைத்துக் கதை எழுதினேன். ஒழுகுகிற ஓட்டு வீடு, கால் ஆடுகிற நாற்காலி, மங்கலான ஒற்றை விளக்கு. வாசகர்கள் கண்ணீர் விட்டார்கள். எனக்கு நல்ல பேர் கிடைத்தது. இந்தச் சங்கத்துத் தலைமையாசிரியர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகைச் சாய்த்து, "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு விட்டாரே, அப்போதுதான் உறைத்தது. என் கதையில் ஆடுகிற நாற்காலி அழகாக இருந்தது. அதில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவருக்கு முதுகுவலிதான் மிச்சம். நமக்கு ஏழையைப் பிடிக்கிறது. ஏழைக்காக உழைக்கிறவன் ஏழையாகவே இருந்தால் இன்னும் பிடிக்கிறது. அவன் செருப்பு தேய்ந்திருக்க வேண்டும், கூரை ஒழுக வேண்டும். அப்போதுதான் நம் அனுதாபம் ஊறும். இதற்குக் கொள்கை என்று பேர் வைக்காதீர்கள். இது நம் ரசனை. வங்கிக் கடனில் சொந்த வீடு கட்டிக்கொண்டு, அதன் மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் அனுபவித்த ரசனை.

அதற்காகச் சங்கத்தாரை நான் சும்மா விட்டுவிடவும் இல்லை. கையெழுத்துப் போடும்போது சில நிபந்தனைகள் சொன்னேன். கட்டடம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். கட்சிக்காரர்களைப் பார்க்கிற அறை தரையோடு இருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரி மாடிப்படி ஏறக் கூடாது. நிழலில் ஒரு நீண்ட பெஞ்சு, ஒரு குடிதண்ணீர்ப் பானை, பெண்களுக்குத் தனிக் கழிவறை. காகிதங்களுக்கு எலியும் ஈரமும் நுழையாத ஓர் அறை. கொடுத்தவர்கள் பேரைச் சலவைக்கல்லில் பொறிக்கக் கூடாது. கூடத்தைக் கல்யாணத்துக்கு விடக் கூடாது. கட்டடத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாதபடி அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். வருஷா வருஷம் வரவு செலவை வாசலில் ஒட்ட வேண்டும். தலைமையாசிரியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெண் வக்கீல் மட்டும், "பெஞ்சு ரெண்டு போடறோம் சார். கும்பல் ஜாஸ்தி" என்றார்.

கிழவியின் வழக்கில் மறுபடி சாட்சியம் எடுத்தாயிற்று. தீர்ப்பு இன்னும் வரவில்லை. சங்கத்தின் இப்போதைய வாடகை ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. தீர்ப்பு முதலில் வருமா, தை முதலில் வருமா என்பது எனக்குத் தெரியாது. நண்பரே, உங்களுக்கும் தெரியாது.

கொடுப்பதும் கொடாததும் உங்கள் இஷ்டம். கொடுக்க மனமில்லை என்று சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மனமில்லாததற்குக் காந்தியைத் துணைக்கு அழைக்காதீர்கள். அந்த இளைஞர் ஒரு ரசீதுப் புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மேஜைமேல்தான் இருக்கிறது. அடுத்த முறை காபி சாப்பிட வரும்போது பார்ப்பீர்கள். உங்கள் பேருக்கு ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.